40,000 ரூபாய் டிவி, 5 வருஷத்துல 1,27,000 ரூபாய்: கடையில போடாத கணக்கு



ஐடிஆர் பைல் பண்ண வர்றவங்க கடைசியா ஃபைலை மூடிட்டுக் கேக்கற கேள்வி முன்னாடி "எந்த ஃபண்டுல சார் போடலாம்?"னு இருக்கும். கொஞ்ச நாளா அது "55 இன்ச் எடுக்கலாமா, 65 எடுக்கலாமா?"ன்னு மாறியிருக்கு. டிவி விமர்சனம் பண்ணற சேனல் ஆயிரம் இருக்கு, ஒரு ஆடிட்டர்கிட்ட ஏன் கேக்கறாங்கன்னு முதல்ல யோசிச்சேன். ஆனா நம்ம பக்கத்து வீடுகள்ல ஒரு ஸ்மார்ட் டிவிங்கறது இன்னைக்கு வெறும் டிவி இல்லை. ஒரு கடன், ரெண்டு மூணு மாசச் சந்தா, ஒரு இன்டர்நெட் பில், எல்லாம் சேர்ந்த மூட்டை. அதனால இது ஆடிட்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி, அஞ்செட்டி பக்கம் இருக்கற சாதாரணச் சம்பளக் குடும்பத்துக்கு 43 இன்ச் போதும். அதையும் ரொக்கமா வாங்குங்க. ரொக்கம் இல்லைன்னா சேர்ற வரைக்கும் பழைய டிவியிலயே ஒரு ஸ்டிக் சொருகிப் பாருங்க. இதுக்கு நிறைய பேர் கோவப்படுவீங்க. கோவப்படறதுக்கு முன்னாடி கணக்கைப் பாத்துடலாம்.

வரி குறைஞ்சது உண்மை. எவ்வளவு?

2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. 32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியில இருந்தே 18தான், அதனால சின்ன டிவி வாங்கறவங்களுக்கு இந்தக் குறைப்புல ஒண்ணும் இல்லை. பெரிய டிவிக்குத்தான் லாபம்.

பத்து சதவீதம் குறைஞ்சதுன்னு கடையில சொல்றாங்க. வரி விகிதம் பத்து புள்ளி குறைஞ்சது, விலை பத்து சதவீதம் குறையாது. 100 ரூபாய் பொருள் வரியோட 128-ஆ இருந்தது, இப்ப 118. 128-ல 10 குறைஞ்சா 7.8 சதவீதம். முன்னாடி 50,000 ரூபாய்க்கு வித்த டிவி, கம்பெனி முழுசா இறக்கிக் கொடுத்தா 46,100 ரூபாய் கிட்ட வரணும். அதாவது மிச்சம் 3,900.

இந்த 3,900 ரூபாயை யார் பையில வெச்சுக்கிட்டாங்கங்கறதுதான் வேடிக்கை. 43 இன்ச் வாங்கப் போனவர், "வரி குறைஞ்சிருக்கே, 55 பாத்துடலாமே"ன்னு இன்னும் 12,000, 15,000 மேல போட்டு எடுத்துட்டு வர்றார். வரிச் சலுகை குடும்பத்துக்குக் கிடைக்கலை, இன்ச்சுக்குப் போயிடுச்சு.

நம்ம ஊர்ல டிவி எங்கிருந்து ஆரம்பிச்சதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 2006 தேர்தல்ல வாக்குறுதி கொடுத்து அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. அப்புறம் 2011-ல 70 ரூபாய்க்கு அரசு கேபிள். அந்த டிவிக்கு மாசாமாசம் ஒரே ஒரு செலவுதான், அதுவும் கேபிள்காரர் வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவார். பணம் போறது கண்ணுக்குத் தெரிஞ்சது. இப்ப போறது தெரியறதே இல்லை.

முழுக் கணக்கு

ஒரு 55 இன்ச் 4கே டிவி, விலை 40,000 ரூபாய். ஐந்து வருஷம் வெச்சிருக்கப் போறீங்க. பேப்பர் எடுத்துக்கோங்க.

4கே டிவி வாங்கியாச்சு, நெட்ஃபிளிக்ஸ் வேணும்னு வீட்ல சொல்றாங்க. 149 ரூபாய் பிளான் மொபைலுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில ஓடாது. 199 பிளான் டிவியில ஓடும், ஆனா படத்தோட தரம் 720பி. 4கே டிவியில 720பி பாக்கறதுன்னா, பட்டுச்சேலை வாங்கிட்டு அதைப் பீரோவுலயே வெச்சுட்டு நைட்டியில கல்யாணத்துக்குப் போற மாதிரி. 499 பிளான்ல முழு ஹெச்டி வரும். 4கே வேணும்னா 649 ரூபாய். மாசம் 649, அறுபது மாசத்துக்கு 38,940 ரூபாய். டிவியோட விலையும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணு!

பிரைம் வருஷத்துக்கு 1,499. ஐந்து வருஷத்துக்கு 7,495. 2025 ஜூன்ல இருந்து அதுலயும் விளம்பரம் வர ஆரம்பிச்சிடுச்சு, விளம்பரம் வேண்டாம்னா வருஷத்துக்கு 699 தனியாக் கட்டணும். அதை நான் சேர்க்கலை.

மொபைல் டேட்டாவுல இத்தனை நாள் ஓட்டிட்டு இருந்த வீட்டுக்கு டிவி வந்ததும் ஃபைபர் வேணும். 499 ரூபாய் பிளான்னு வெச்சுக்கிட்டா 18 சதவீத ஜிஎஸ்டியோட 589. அறுபது மாசம், 35,340. (இது டிவிக்கு மட்டும் இல்லை, பசங்க படிப்புக்கும் போனுக்கும் சேர்த்துத்தானேன்னு கேப்பீங்க. நியாயம். பாதியைக் கழிச்சுக்கோங்க. ஆனா டிவி வர்றதுக்கு முன்னாடி இந்த பில் உங்க வீட்ல இருந்ததான்னும் கேட்டுக்கோங்க.)

கரண்ட். 55 இன்ச் சுமாரா 120 வாட்ஸ், நாளைக்கு ஐந்து மணி நேரம், ரெண்டு மாச பில்லுக்கு 36 யூனிட். யூனிட்டுக்கு 4.70 ரூபாய்னு போட்டா ஐந்து வருஷத்துல ஐயாயிரம் சில்லறை. பெரிய தொகை இல்லை. ஆனா ரெண்டு மாசத்துக்கு 480, 490 யூனிட்ல நிக்கற வீடா இருந்தா கவனம். 500-ஐத் தாண்டினா ஸ்லாபே மாறுது, அந்த 36 யூனிட்டுக்கு மட்டும் இல்லாம மொத்த பில்லுமே ஏறும்.

தவணையில எடுத்தா இன்னொரு 787 ரூபாய், அது எப்படின்னு கீழே சொல்றேன். எல்லாம் கூட்டினா 1,27,600 ரூபாய். கடைக்காரர் காட்டினது 40,000.

இதே குடும்பம் 43 இன்ச் எடுக்குதுன்னு வைங்க. 25,000 ரூபாய் பக்கம் நல்லதே கிடைக்கும். ஓடிடியை வருஷம் முழுக்க வெச்சுக்காம, பாக்க ஏதாவது சேர்ந்த பிறகு ஒரு மாசம் 499 கட்டி, பாத்து முடிச்சு, கேன்சல் பண்ணறாங்க. வருஷத்துக்கு நாலு மாசம்னா 1,996 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு 9,980. டிவியிலயும் சந்தாவுலயும் மட்டும் 50,000 ரூபாய்க்கு மேல மிச்சம். பத்துக்குப் பத்து ரூம்ல, ஆறடி தள்ளி உக்காந்து 43 இன்ச்ல பாக்கறப்ப 4கேவுக்கும் முழு ஹெச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். 55 இன்ச்சை முழுசா ரசிக்க ஏழடியாவது தூரம் வேணும். நம்ம ஊர் ஹால்ல சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல எத்தனை அடின்னு டேப் வெச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ: காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

இதுதான் நான் உண்மையிலயே எழுத வந்தது.

ஓசூர் சிப்காட்ல வேலை பாக்கற தம்பிங்க, தங்கச்சிங்க நிறைய பேர் கான்ட்ராக்ட்ல இருக்காங்க. பதினொரு மாசம், ஒரு வருஷம், அப்புறம் ரினீவல் ஆனா ஆகும், ஆகலைன்னா இல்லை. சம்பளம் ஏழாம் தேதி, சில இடத்துல பத்தாம் தேதி. இஎம்ஐ கட் ஆகறது ரெண்டாம் தேதி, ஐந்தாம் தேதி. இந்தத் தேதிக் குளறுபடி ஒண்ணே போதும் ஒருத்தரோட கிரெடிட் ரிப்போர்ட்டைக் கெடுக்க. அக்கவுன்ட்ல காசு இல்லாம தவணை திரும்பினா பேங்க் ஒரு சார்ஜ் போடும், கடன் கொடுத்த கம்பெனி ஒரு சார்ஜ் போடும், ரெண்டுக்கும் மேல ஜிஎஸ்டி. 3,333 ரூபாய் தவணைக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் அபராதம் கட்டினவங்க ஸ்டேட்மென்ட்டை நான் பாத்திருக்கேன். நாலு வருஷம் கழிச்சு வீட்டுக் கடனுக்குப் போறப்ப, "2 தடவை தாமதம்"னு ரிப்போர்ட்ல நிக்கும். என்ன கடன்னு பாத்தா, டிவி.

இப்ப அந்த 787 கணக்கு. 40,000 ரூபாய் டிவி, கிரெடிட் கார்டுல 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 3,333. மொத்தம் 40,000தான், வட்டி எங்கன்னு கேப்பீங்க. வட்டி இருக்கு. வருஷத்துக்கு 15 சதவீதம்னா, பேங்க் கணக்குல உங்க கடன் 36,931 ரூபாய்தான், மீதி 3,069 வட்டி. அந்த வட்டி அளவுக்கு விக்கறவர் விலையில தள்ளுபடி காட்டறார், அவ்வளவுதான். ஆனா கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 3,069-க்கு 552 ரூபாய். அதை யாரும் தள்ளுபடி பண்ணறதில்லை. ப்ராசஸிங் ஃபீ 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக 787.

சரி, 787தானேன்னு விட்டுடலாம். பெரிய ஓட்டை இது இல்லை. அதே கடையில "ரொக்கமாத் தர்றேன், இன்னைக்கே எடுத்துக்கறேன், கடைசி விலை சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. 37,500-க்கு இறங்கி வந்தார்னு வைங்க. இறங்குவார், ஏன்னா அந்த வட்டித் தள்ளுபடி பாரத்தை யாராவது சுமக்கணும், ரொக்கத்துல அது இல்லை. அப்ப உண்மையான விலை 37,500. நீங்க தவணையில கட்டறது 40,787. இந்த வித்தியாசத்தை வட்டியா மாத்திப் பாத்தா வருஷத்துக்குச் சுமார் 16 சதவீதம் வருது. பேரு நோ காஸ்ட்.

ரிசர்வ் பேங்க் 2013 செப்டம்பர்லயே ஜீரோ பர்சென்ட் இஎம்ஐங்கறதே கிடையாது, வட்டியை வேற பேருல ஒளிச்சு வெக்கறாங்கன்னு சொல்லி பேங்குகளை எச்சரிச்சது. பேரு மாறிடுச்சு, சரக்கு மாறலை. நல்ல விஷயம் ஒண்ணு நடந்திருக்கு. 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் கொடுக்கற சில்லறைத் தவணைக் கடன்களுக்கு பேங்கும் நிதி நிறுவனமும் ஒரு முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாகணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ வட்டி அதுல ஏபிஆர்னு இருக்கும். கடையில டேப்லெட்ல ஓடிபி கேக்கறப்ப, "முதல்ல அந்தத் தாளைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்காம சேர்த்து விடற இன்சூரன்ஸ், மெம்பர்ஷிப் கார்டு எல்லாம் அதுலதான் மாட்டும். கிரெடிட் கார்டு இஎம்ஐக்கு இந்தத் தாளை எதிர்பாக்க முடியாது, அங்க நம்ம கால்குலேட்டர்தான் துணை.

தவணையே தப்புன்னு நான் சொல்லலை. நிரந்தர வேலை, கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம், ரொக்க விலையும் தவணை விலையும் உண்மையிலயே ஒண்ணுன்னா தாராளமா எடுங்க. கான்ட்ராக்ட் முடியற தேதிக்கு அப்பால தவணை ஓடக் கூடாதுங்கறதுதான் என் கட்சி. எட்டு மாசம் கான்ட்ராக்ட் பாக்கின்னா பன்னிரண்டு மாசத் தவணை வேண்டவே வேண்டாம்.

பெங்களூருல வாங்கினா சீப்பா?

நம்ம எல்லைப் பக்கத்துக்கே உரிய கேள்வி. அத்திப்பள்ளி தாண்டினா விலை குறைவுங்கற நம்பிக்கை ஜிஎஸ்டிக்கு முன்னாடி காலத்துல இருந்து வருது. அப்ப ரெண்டு மாநிலத்துக்கும் வாட் வேற வேற. 2017 ஜூலைக்கு அப்புறம் வரி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அங்க குறைவாக் கிடைச்சா அது கடைக்காரரோட போட்டி விலை, வரி விஷயம் இல்லை.

வீட்டுக்கு வாங்கறவங்க பில்லுல உங்க தேன்கனிக்கோட்டை முகவரியைப் போடச் சொல்லுங்க. 2023 அக்டோபர் 1-ல இருந்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விக்கறப்ப பில்லுல இருக்கற முகவரிதான் எந்த மாநிலத்துக்கு வரின்னு முடிவு பண்ணுது. நீங்க கட்டற 18 சதவீதம் மாறாது, மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு வரும்.

கடை, கிளினிக், ஓட்டல் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் கூடுதலா கவனிங்க. தொழிலுக்காக டிவி வாங்கறீங்க, இன்புட் கிரெடிட் எடுக்கணும்னா ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்து ஐஜிஎஸ்டி போட்ட பில் வாங்குங்க. கர்நாடகா எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி போட்ட பில்லைக் கொண்டுவந்து "கிரெடிட் எடுங்க சார்"னா எடுக்க முடியாது. வருஷத்துக்கு நாலு பேராவது இப்படி வர்றாங்க. வீட்டு ஹால்ல மாட்டின டிவிக்குக் கடை நம்பர்ல பில் வாங்கறது வேற கதை, அதை எங்கிட்ட கொண்டு வராதீங்க.

எதைப் பாத்து வாங்கறது?

பிராண்டுக்கு முன்னாடி சர்வீஸ். கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு வாங்கறதுக்கு முன்னாடியே போன் போட்டு, உங்க பின்கோடைச் சொல்லி, டெக்னீஷியன் எங்கிருந்து வருவார், வீட்டுக்கு வருவாரான்னு கேளுங்க. ஓசூர்ல இருந்து வர்றார்னா 25 கிலோமீட்டர், வந்துடுவார். அஞ்செட்டி, உரிகம் பக்கம்னா "கஸ்டமர் கொண்டு வரணும்"னு சொல்லலாம். 55 இன்ச் டிவியை பஸ்ல எப்படிக் கொண்டு போறது? இந்த ஒரு போன் காலுக்குப் பிறகு உங்க லிஸ்ட் பாதியாகும்.

டிவியில பழைய பேரு பாத்து மயங்காதீங்க. கோடாக், தாம்சன்னு வர்ற டிவிகள் அந்தப் பேருகளை லைசென்ஸ் வாங்கி இங்க ஒரு இந்தியக் கம்பெனி தயாரிக்கறது. தப்பு இல்லை, விலைக்கு ஏத்த பொருள்தான். ஆனா நீங்க காசு கொடுக்கறது அந்தப் பழைய கம்பெனிக்கு இல்லைன்னு தெரிஞ்சிருக்கணும். இன்னொரு பக்கம், போன்ல கொடி கட்டிப் பறந்த ஒன்பிளஸ், ரியல்மி ரெண்டும் இந்தியாவுல டிவி வியாபாரத்துல இருந்து விலகறதா 2023-ல செய்தி வந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்பேர் கிடைக்குமாங்கறது வாங்கற அன்னைக்கே கேக்க வேண்டிய கேள்வி.

டிவியோட உயிர் பேனல். அது போச்சுன்னா ரிப்பேர் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்துல வந்துடும். அதனால பேனல் வாரன்டி எத்தனை வருஷம்னு தனியாக் கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. "மூணு வருஷ வாரன்டி"ன்னு போர்டுல இருக்கும், உள்ளே ஒரு வருஷம் டிவிக்கு, மீதி பேனலுக்கு மட்டும்னு பொடி எழுத்துல இருக்கும்.

ஸ்மார்ட் பகுதிக்கு அதிகக் காசு கொடுக்காதீங்க. 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ் இருந்தா சரி. அந்த மென்பொருள் நாலு வருஷத்துல கிழடாயிடும், பேனல் எட்டு வருஷம் கூட உழைக்கும். மென்பொருள் திணற ஆரம்பிச்சா சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் சொருகிக்கலாம். இதே காரணத்துனாலதான், உங்க பழைய எல்இடி டிவியில ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்து படம் நல்லாத் தெரிஞ்சா, புது டிவியே வேண்டாம்ங்கறேன். எக்ஸ்சேஞ்ச்ல அந்த டிவிக்கு 1,000, 2,000 கொடுத்து எடுத்துக்குவாங்க. அதுக்கு ஊர்ல இருக்கற அத்தை வீட்டுக்குக் கொடுத்துடலாம்.

வாய்ஸ் ரிமோட் பத்தி ஒரு வார்த்தை. தமிழ் புரியும்னு போட்டிருக்கும். ஒரே வாக்கியத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணையும் போட்டுப் பேசற நம்ம ஊர்ப் பாட்டி சொல்றது அதுக்குப் புரியற நாள் வந்தா நான் தனி வீடியோவே போடறேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு

இன்ஸ்டாலேஷனுக்கு வர்ற தம்பி பத்து நிமிஷத்துல எல்லாத்துக்கும் "ஒத்துக்கறேன்" அழுத்திட்டுப் போயிடுவார். ரிமோட்டை நீங்க கையில வாங்குங்க. பல ஸ்மார்ட் டிவிகள்ல, திரையில என்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சுக் கம்பெனிக்கு அனுப்பற வசதி இருக்கு. செட்டாப் பாக்ஸ்ல பாக்கறதைக் கூட அதால கண்டுபிடிக்க முடியும். அமெரிக்காவுல விஸியோங்கற கம்பெனி 1.1 கோடி டிவிகள்ல மக்கள் சம்மதம் இல்லாம இதைப் பண்ணினதுக்காக 2017-ல 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சுக்கிச்சு. டிவி விலை ஏன் இவ்வளவு மலிவுங்கறதுக்கு ஒரு பதில் இதுலயும் இருக்கு, விளம்பரக்காரங்களுக்கு நீங்க பாக்கறது என்னன்னு தெரிஞ்சா அதுக்கு விலை உண்டு. நம்ம நாட்டுல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது, விதிகள் 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க. சட்டம் காப்பாத்தட்டும்னு காத்திருக்க வேண்டாம். செட்டிங்ஸ்ல "ப்ரைவசி"க்குள்ள போய், பாக்கற விவரம், விளம்பர அடையாளம்னு இருக்கறதை எல்லாம் ஆஃப் பண்ணுங்க. கூகுள் டிவின்னா அக்கவுன்ட் போடாம சாதாரண டிவியாவும் ஆரம்பிக்கலாம். பெரியவங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு அதுவே போதும்.

அடுத்தது பர்ச்சேஸ் பின். குழந்தை ரிமோட்டை அழுத்தினா படம் வாங்கற மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் உங்க யுபிஐ ஆப்ல "ஆட்டோபே" பட்டியலைத் திறந்து பாருங்க. கடைக்காரர் "மூணு மாசம் ஃப்ரீ"ன்னு போட்டுக் கொடுத்த ஓடிடி அங்க உக்காந்திருக்கும், நாலாவது மாசம் தானா எடுத்துக்கும். ரிசர்வ் பேங்க் விதிப்படி பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும். ஆனா 15,000 ரூபாய் வரைக்கும் அவங்க ஓடிபி கேக்க வேண்டியதில்லை. மெசேஜை நாம படிச்சாத்தான் உண்டு.

பிக்சர் மோடு "விவிட்"ல இருந்தா "மூவி"க்கு மாத்துங்க. கண்ணுக்கும் நல்லது, கரண்டும் மிச்சம்.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லி நச்சரிப்பாங்க. இன்னைக்கு டிவிகள் பெரும்பாலும் 100-ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல பாத்துக்கோங்க. அந்தக் காசை ஒரு நல்ல சர்ஜ் ப்ரொடெக்டருக்கும் எர்த்திங் சரி பண்ணவும் போடுங்க. நம்ம மலைப் பக்கம் கோடை மழையோட வர்ற இடிக்கு அதுவும் பத்தாது, ப்ளக்கையும் டிஷ் ஒயரையும் பிடுங்கி விடறதுதான் வழி. மின்னல்ல போன டிவிக்கு வாரன்டி பொதுவா கிடைக்காது. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் தர்ற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில மின்னலும் சேர்ந்த ஆபத்துதான், கட்டடத்தோட வீட்டுப் பொருளுக்கும் கவர் வரும். கடையில டிவிக்கு மட்டும்னு விக்கற எக்ஸ்டென்டட் வாரன்டி விலையைக் கேட்டுட்டு, இந்த பாலிசிக்கும் பிரீமியம் கேட்டு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பில்லை போட்டோ எடுத்து மெயில்ல உங்களுக்கே அனுப்பி வைங்க. கடை பில் எழுத்து ஆறு மாசத்துல மறைஞ்சு வெள்ளைப் பேப்பராயிடும். டிவியில கோளாறு, கம்பெனி இழுத்தடிக்குதுன்னா முதல்ல 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் ஆகலைன்னா நுகர்வோர் ஆணையம். டிவியை பெங்களூருல வாங்கியிருந்தாலும், ஆன்லைன்ல வாங்கியிருந்தாலும் அங்க அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற இடத்துலயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.